கல்ச்சர் ரிப்போர்ட்டில் பத்து வரி "ஆர்", தம்பிக்கோ காய்ச்சலே இல்லை. ஊசி போடலாமா?

பட்டுக்கோட்டை அக்கா | செவ்வாய், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் தடவை எழுதுகிறேன். என் தம்பிக்கு 31 வயது. கஜா புயலுக்கே விழாமல் நின்ற தென்னையிலிருந்து நான்கு வருடம் முன்பு இவன் விழுந்தான். தண்டுவடத்தில் அடி, டி8 மட்டம் (நெஞ்சுப் பகுதி), முழுப் பாதிப்பு. தொப்புளுக்கு மேலிருந்தே உணர்வு கிடையாது. கை இரண்டும் நன்றாக வேலை செய்யும். அன்றிலிருந்து ஃபோலே டியூப்தான் (சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கும் குழாய், சிறுநீர் வெளியே ஒரு பேக்கில் சேரும்), மாதம் ஒருமுறை மாற்றுகிறோம்.

போன வாரம் சிறுநீர் கலங்கலாக வந்தது, நாற்றமும் இருந்தது. காய்ச்சல் இல்லை. சாப்பாடு வழக்கம்போல இறங்குகிறது, சாயங்காலம் பையன்களோடு கேரம் ஆடுகிறான். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுக்கச் சொன்னார்கள். பேக்கின் அடிக்குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டில் ஈ.கோலை கிருமி மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல், இஎஸ்பிஎல் பாசிட்டிவ் (பல மருந்துக்கு அடங்காத வகையாம்). கூடவே சூடோமோனாஸ் என்று இன்னொரு கிருமி, அதுவும் லட்சத்துக்கு மேல். மருந்துப் பட்டியலில் வரிசையாகப் பத்து "ஆர்", அதாவது அந்த மருந்து கேட்காது. அமிகாசினுக்கும் மெரோபெனத்துக்கும் மட்டும் "எஸ்", அதாவது கேட்கும். ஏழு நாள் படுக்க வைத்து மெரோபெனம் ஏற்ற வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்கிறார்கள். போன வருடம் மட்டும் இதேபோல நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் "ஆர்" இரண்டு மூன்று கூடுகிறது. என்ன செய்வது?

நாலு சக்கரம் | செவ்வாய், இரவு 9:40

அக்கா, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தம்பிக்கும் ஒன்று கொடுங்கள்.

நான் சி6 (கழுத்து மட்டம்), பன்னிரண்டு வருடம் ஆகிறது. அடிவயிற்றில் துளை போட்டு டியூப் வைத்திருக்கிறேன். என் சிறுநீரை எந்த நாளில் எடுத்துக் கொடுத்தாலும் லட்சத்துக்கு மேல்தான் வரும். கேரம் ஆடுகிறவனுக்கு எதற்கு மெரோபெனம் என்று அந்தக் கிளினிக்கில் யாராவது கேட்டார்களா?

லேப் வாசல் | செவ்வாய், இரவு 10:25

நான் டாக்டர் இல்லை, மைக்ரோபயாலஜி லேபில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்து போடலாமா வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அக்கா எழுதியதில் ஒரு வரியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. "பேக்கின் அடிக்குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தேன்."

அக்கா மேல் தப்பே இல்லை. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல் பாட்டிலைக் கையில் கொடுத்தவர்கள்தான் பொறுப்பு. ஆனால் அந்த ரிப்போர்ட் தம்பியின் சிறுநீர்ப்பையைப் பற்றியது இல்லை, பேக்கைப் பற்றியது. பேக்கில் சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது, நம் ஊர் வெயில் வேறு. உகந்த சூட்டில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். மூன்று மணி நேரத்தில் ஒன்பது முறை இரட்டிப்பு, அதாவது 512 மடங்கு. கணக்குப்படி மில்லிக்கு ஆயிரமாக இருந்தது ஐந்து லட்சமாகிவிடும். "லட்சத்துக்கு மேல்" என்ற சொல்லுக்கு அப்புறம் என்ன மதிப்பு?

பழைய டியூபிலிருந்து நேரடியாக எடுத்தாலும் இதே மாதிரி இன்னொரு சிக்கல் உண்டு. டியூபின் உள்சுவரில் கிருமிகள் வழவழவென்று படலம் கட்டி வாழ்கின்றன. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோலத்தான். அதற்குள் நாலைந்து வகை சேர்ந்திருக்கும். சாம்பிளில் வருவது டியூபின் குடித்தனக்காரர்கள், சிறுநீர்ப்பைக்குள் வீக்கத்தை உண்டாக்குகிறவர்கள் என்று சொல்ல முடியாது. அதனால் டியூப் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதிது போட்டு, பேக்கை மாட்டும் முன் முதல் சில சொட்டுகளை விட்டுவிட்டு நேரே ஸ்டெரைல் பாட்டிலில் பிடிக்க வேண்டும். சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் ஒரு மாத்திரைகூடப் போயிருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஒரு நாள் வரை தாங்கும். ஃப்ரீசரில் அல்ல. ஒருவர் ஐஸ்கட்டியாகக் கொண்டுவந்தார், அதனால் சொல்கிறேன்.

கரிசல்காட்டான் | புதன், காலை 6:50

எல்லோரும் சாவகாசமாகப் பேசுகிறீர்கள். என் அப்பாவுக்கு டி4. இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ரிப்போர்ட் வந்தது. ஒரு இடத்தில் காட்டினோம். "காய்ச்சல் இல்லை, பார்க்கலாம்" என்றார்கள். மூன்றாம் நாள் ஐசியூ. பிரஷர் 70க்கு இறங்கிவிட்டது. பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். கடன் இன்னும் அடைபடவில்லை.

கிருமி இருக்கிறது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் காத்திருப்பது அடுத்தவன் வீட்டுப் பிள்ளை என்பதால் வருகிற தைரியம். அக்கா, ஊசி போடுங்கள்.

நாலு சக்கரம் | புதன், காலை 7:30

கரிசல் அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று நாளில் அப்பாவுக்கு வேறு எதுவுமே மாறவில்லையா?

மறுவாழ்வு டாக்டர் | புதன், மதியம் 2:15

ஓபி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் தண்டுவடம் பாதித்தவர்களைப் பார்க்கிற பிஎம்ஆர் (உடலியல் மருத்துவம், மறுவாழ்வு) மருத்துவர். இங்கே சொல்வது பொதுவான விஷயம். முடிவை நேரில் பார்க்கிற மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, கிருமியால் நோய் வந்திருப்பது வேறு. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 8 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி ஏறுகிறது. ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். ஆகவே நான்கு வருடம் டியூப் வைத்திருப்பவரிடம் "கிருமி இருக்கிறதா" என்று கேட்டால் லேப் என்ன சொல்லும்? இருக்கிறது என்றுதான் சொல்லும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அறிகுறி இல்லாதபோது சிறுநீர்க் கல்ச்சரைத் தேடிப் போய் எடுக்கவும் வேண்டாம், வந்ததற்கு மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவைக்குப் போகிறவர்களுக்கும் கணக்கு வேறு.

"ஒரு லட்சம்" என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் இயல்பாகச் சிறுநீர் கழிக்கும் பெண்களிடம், பாட்டிலுக்கு வரும் வழியில் ஒட்டிய கிருமி எது, உள்ளே உண்மையிலேயே பெருகியது எது என்று பிரிக்கக் கண்ட கோடு அது. டியூப் வைத்தவர்களுக்காக வரைந்ததே இல்லை. ஆனால் உலகம் பூராவும் எல்லா ரிப்போர்ட்டிலும் உட்கார்ந்துகொண்டது.

கரிசல்காட்டான் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. நம் நோயாளிகளுக்கு எரிச்சல் தெரியாது, அடிவயிற்று வலி தெரியாது, "அடிக்கடி வருகிறது" என்று சொல்ல வழியில்லை. பாடப்புத்தக அறிகுறிகள் பாதி அடைபட்டுப் போயின. அதனால் வேறு வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். கால் இழுப்பு திடீரென்று கூடுகிறதா, குளிர் நடுக்கம் வருகிறதா, டியூப் ஓரத்தில் கசிகிறதா, ஆள் வழக்கத்தைவிடச் சோர்ந்து கிடக்கிறாரா, பேச்சு குழம்புகிறதா. டி6இலோ அதற்கு மேலேயோ (டி4, சி6 எல்லாம் மேலே) பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னொன்று உண்டு, அதை நாலு சக்கரம் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கலங்கலும் நாற்றமும் தனியாக வந்தால், தண்ணீர் குறைந்ததா, டியூப் அடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். "பஸ் செல் (சீழ் அணு) நிறைய" என்று ஒரு வரி இருக்குமே, டியூப் உரசுவதாலேயே அது வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நாலு சக்கரம் | புதன், மாலை 5:05

டாக்டர் சொன்னது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. கீழே ஏதோ தொல்லை. மூளைக்குச் சேதி போய்ச் சேராது, ஆனால் உடம்பு பதறும். பிரஷர் சரசரவென்று ஏறும், தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து கழுத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டும். கீழே தோல் வெளிறி மயிர்க்கூச்செறியும். டியூப் மடங்கினாலும் வரும், மலச்சிக்கலிலும் வரும், தொற்றிலும் வரும். எனக்கு வந்தால் வீட்டில் முதலில் என்னை நிமிர்த்தி உட்கார வைப்பார்கள், உடனே டியூபைப் பார்ப்பார்கள். இது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாத சமாசாரம்.

அக்காவின் தம்பிக்கு டி8 என்பதால் இது பெரும்பாலும் வராது. அவருக்குக் கால்தான் சொல்லும். என் நண்பன் ஒருவன், டி10, "என் வலது கட்டைவிரல்தான் எனக்குத் தெர்மாமீட்டர்" என்பான். அது துள்ள ஆரம்பித்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பை ஒன்றில் துணி எடுத்து வைத்துவிடுவான்.

கரிசல்காட்டான் | புதன், இரவு 11:48

நாலு சக்கரம் காலையில் கேட்டதற்கு உடனே பதில் எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

ஐசியூவுக்கு முந்தின இரண்டு நாளும் அப்பாவுக்குக் கால் விடாமல் துடித்தது. ராத்திரி வியர்த்தது. குளிர்கிறது என்றார். மார்கழி மாதம், போர்வை போர்த்தினோம். இதை அங்கே நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, தெர்மாமீட்டர் மட்டும் வைத்தார்கள்.

சரி. காலையில் எழுதியதில் கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், தளத்தில் திருத்த வழியில்லை. அக்கா மன்னிக்கவும்.

பட்டுக்கோட்டை அக்கா | வியாழன், காலை 8:20

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் அவன் காலைப் பார்த்தேன். "என்னக்கா, கால் முளைக்குதான்னு பாக்குறியா" என்று கேட்கிறான்.

லேப் சாரிடம் ஒரு சந்தேகம். இஎஸ்பிஎல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஏன் மூன்று நாள் ஆகிறது? ரத்தச் சர்க்கரை மாதிரி அரை மணியில் சொல்லும் டெஸ்ட் கிடையாதா?

லேப் வாசல் | வியாழன், இரவு 9:55

கேட்டுவிட்டீர்களே, இனி நிறுத்த முடியாது.

முதல் நாள். சாம்பிளை ஒரு சின்ன வளையக் கம்பியால் தொட்டு ஊட்டத் தட்டில் கோடு இழுப்போம். அந்த வளையம் ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் பிடிக்கும். மறுநாள் தட்டில் ஒரு புள்ளி முளைத்தால் மில்லிக்கு ஆயிரம் கிருமி என்று கணக்கு. நூறு புள்ளி என்றால் லட்சம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

இரண்டாம் நாள் காலை. தட்டைத் திறந்தால் பாதி ஆளை மூக்காலேயே அடையாளம் கண்டுவிடலாம். சூடோமோனாஸ் திராட்சைச் சாறு வாசனை, தட்டே பச்சையாக இருக்கும். மக்கான்கி தட்டில் ஈ.கோலை ரோஜா நிறம், கிளெப்சியெல்லா சளி மாதிரி வழவழப்பு. புரோட்டியஸ் ஒன்று உண்டு, ரத்த அகாரில் குளத்தில் கல் எறிந்த மாதிரி வளையம் வளையமாகப் படர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். டியூப் அடிக்கடி அடைக்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இவர்தான் குற்றவாளி. யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்குவார், உப்பெல்லாம் டியூபுக்குள் சுண்ணாம்பாகப் படியும். (வாசனை பிடிப்பது தப்பு, புதுப் பையன்களைத் திட்டுவேன். பழக்கதோஷம்.)

மருந்துச் சோதனை அன்றுதான் ஆரம்பம். கிருமியை உப்புக் கரைசலில் ஒரு குறிப்பிட்ட அளவு கலங்கலாகக் கலக்கி, முல்லர் ஹின்டன் தட்டு முழுக்கப் பூசி, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைப்போம். 1966இல் கிர்பியும் பாயரும் முறைப்படுத்தியது, இன்றும் நம் ஊரில் பல லேபில் இதுதான் ஓடுகிறது. மூன்றாம் நாள், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். அட்டவணையோடு ஒப்பிட்டால் எஸ் அல்லது ஆர்.

இஎஸ்பிஎல் என்பது செஃப்டாசிடைம், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைக் கத்தரிக்கும் ஒரு நொதி. கிளாவுலானிக் அமிலம் அந்தக் கத்திரியின் வாயைக் கட்டிவிடும். எனவே செஃப்டாசிடைம் வில்லை ஒன்று, அதே மருந்தோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வில்லை ஒன்று, இரண்டையும் வைப்போம். இரண்டாவதின் வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் கத்திரி இருக்கிறது என்று அர்த்தம்.

மெஷின் வைத்திருக்கிற லேபில் வட்டத்துக்குப் பதில் எம்ஐசி என்று ஒரு எண் வரும். கிருமியை வளரவிடாமல் தடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து வேண்டும் என்பது. படித்தவர்களே சறுக்கும் இடம் இது. நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 16, சிப்ரோஃப்ளாக்சாசினுக்கு 1 என்று வந்தால், "1 தானே சின்னது, சிப்ரோ போடலாம்" என்பார்கள். கிடையாது. நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 32 வரை எஸ். சிப்ரோவுக்கு ஒன்றே ஆர். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. வெண்டைக்காய் விலையையும் தங்கம் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கதை.

அரை மணி டெஸ்டா? மரபணுவை நேரே தேடும் கருவிகள் வந்திருக்கின்றன, மெரோபெனம் வகை மருந்தையும் வெட்டும் நொதிகளான கேபிசி, என்டிஎம், ஆக்சா-48 போன்றவற்றின் மரபணுவை ஒரு மணி நேரத்தில் சொல்லும். ஆனால் வளர்ந்த கிருமியிலோ ஆசனவாய் ஸ்வாபிலோ பார்க்கத்தான் அவற்றை வடிவமைத்தார்கள். தவிர, மரபணு இருக்கிறது என்றால் எந்த மருந்து வேலை செய்யாது என்று தெரியும். எது வேலை செய்யும் என்று தெரிய, தட்டில் வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

லண்டன் மருமகன் | வெள்ளி, அதிகாலை 3:30

இங்கே ராத்திரி, நித்திரை வரவில்லை. நான் யாழ்ப்பாணம், இருபது வருடமாக இங்கிலாந்தில். எல்1 (இடுப்பு மட்டம்). என்டிஎம் என்றதும் ஒன்று நினைவு வந்தது. 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் என்டிஎம் பற்றிய கட்டுரை வந்தபோது முதல் பெயர் சென்னை ஆய்வாளர் குமாரசாமியுடையது, சாம்பிளில் ஒரு பகுதியும் சென்னை. நொதிக்கு டெல்லி பெயர் வைத்ததற்கு (என்டி என்றால் நியூ டெல்லி) அங்கே பெரிய ரகளை நடந்தது. பெயரைப் பற்றி அடிபட்ட அளவுக்குக் கிருமியைப் பற்றி யாரும் அடிபடவில்லை என்று அப்போது எங்கள் வார்டில் பேசிக்கொள்வோம்.

ஸ்ட்ரிப் டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டில் முக்கிப் பார்க்கிற பட்டை. நைட்ரைட் கட்டம் நிறம் மாறாவிட்டால் கிருமி இல்லை என்று நினைக்க வேண்டாம். என்டரோகாக்கஸ், சூடோமோனாஸ் எல்லாம் அதில் பெரும்பாலும் பிடிபடாது. நிறம் மாறினாலும் "கிருமி உண்டு" என்பது மட்டுமே, அதுதான் எங்களுக்கு எப்போதும் உண்டே.

அக்காவுக்கு ஒரு கேள்வி. தம்பிக்குக் கை நல்லாக வேலை செய்கிறது என்றீர்கள். பிறகு ஏன் நான்கு வருடமாக ஃபோலே? நேரத்துக்கு நேரம் தானே டியூப் போட்டு எடுக்கிற சிஐசி ஏன் பழக்கவில்லை?

மறுவாழ்வு டாக்டர் | வெள்ளி, இரவு 8:40

லண்டன் மருமகன் கேட்டதுதான் நான் கேட்க நினைத்த கேள்வி. சிஐசி என்பது நேரத்துக்கு நேரம் டியூபைப் போட்டு, சிறுநீரை வடித்துவிட்டு, எடுத்துவிடுவது. உள்ளே எதுவும் தங்காது என்பதால் படலம் கட்ட இடமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்ற மருத்துவர் இதை அறுவை அரங்கு சுத்தத்தோடு செய்தார். அதற்கு முந்தின போரில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணும்தான். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லாபிடஸ் என்ற மருத்துவர், கிருமிநீக்கம்கூட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், சிறுநீர்ப்பையை அளவுக்கு மேல் ஊத விடாமல் இருப்பதே முக்கியம் என்று காட்டினார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அதற்கு உயிர்கொடுத்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். இப்படி ஒருவர் வாழ்ந்த மாநிலத்தில் கை நன்றாக உள்ள இளைஞனுக்கு சிஐசி சொல்லிக் கொடுக்க நான்கு வருடம் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சிறுநீர்ப்பை அழுத்தத்தை அளந்துவிட்டு (யூரோடைனமிக்ஸ்) ஆரம்பியுங்கள். அழுத்தம் அதிகம் என்றால் மாத்திரை சேர்க்க வேண்டியிருக்கும்.

அமிகாசின் எஸ் என்று வந்ததால் இன்னொன்று. அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து. கொடுக்கும் முன் கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் கூடும்) பார்ப்பார்கள். நம் நோயாளிகளுக்குத் தசை வற்றிப்போயிருப்பதால் கிரியாட்டினின் இயல்பிலேயே குறைவு. 0.9 என்று வந்தால் "நார்மல்" என்று அச்சாகும், சிறுநீரகம் பாதி சோர்ந்திருந்தாலும். முடிந்தால் தசையைச் சாராத சிஸ்டாடின் சி பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கிற கிருமியை விரட்டக் கூடாதா என்று பலரும் கேட்பார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் நேர்மாறாக யோசித்தார்கள். ஸ்வீடனில் ஒரு சிறுமியின் சிறுநீரில் மூன்று வருடம் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருந்த ஈ.கோலை, 83972 என்று எண். அதைத் தண்டுவடம் பாதித்தவர்களின் சிறுநீர்ப்பைக்குள் வேண்டுமென்றே விட்டார்கள். சாது குடியிருந்தால் ரவுடி வர இடமிருக்காது என்று. சிறிய ஆய்வுகளில் தொற்று குறைந்தது. ஆனால் எல்லோருக்கும் அது உள்ளே நிலைத்துத் தங்கவில்லை, அதனால் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. தம்பியின் சிறுநீர்ப்பையில் இப்போது இருப்பதும் அப்படி ஒரு சாதுவாக இருக்கலாம். மெரோபெனம் ஏற்றினால் அது போய்விடும். காலி வீட்டுக்கு அடுத்து யார் குடிவருவார் என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொரு முறையும் "ஆர்" கூடுகிறது என்று அக்காவே எழுதியிருக்கிறார்.

லேப் வாசல் | வெள்ளி, இரவு 9:30

பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம். தம்பி சிஐசிக்கு மாறினால், லேப் சீட்டில் கட்டாயம் "சிஐசி, நியூரோஜெனிக் பிளாடர்" (நரம்புப் பாதிப்பால் கட்டுப்பாடு இழந்த சிறுநீர்ப்பை) என்று எழுதச் சொல்லுங்கள். அறிகுறியையும் எழுதச் சொல்லுங்கள். சிஐசி செய்கிறவருக்கு அறிகுறியோடு மில்லிக்கு நூறு இருந்தாலே பொருட்படுத்த வேண்டும் என்பார்கள். எங்கள் சாதாரண வளையத்தில் ஒரு புள்ளியே ஆயிரம், நூறு எப்படித் தெரியும்? பத்து மைக்ரோலிட்டர் வளையம் எடுத்தால்தான் தெரியும். சீட்டில் ஒன்றும் எழுதாவிட்டால் சின்ன வளையம்தான் போடுவோம். நாலு புள்ளி வந்தால் "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" என்று அடித்து அனுப்பிவிடுவோம். நானே எத்தனை அனுப்பியிருப்பேனோ.

பட்டுக்கோட்டை அக்கா | ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு

எல்லோரும் எங்களை மறந்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மெரோபெனம் போடவில்லை. மறுவாழ்வுப் பிரிவு இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூபைப் புதிதாகப் போட்டார்கள். அன்றைக்கும் காய்ச்சலோ வேறெதுவோ இல்லாததால் கல்ச்சரே வேண்டாம் என்றார் அந்த டாக்டர். நான் பிடிவாதம் பிடித்தேன், மனசு கேட்கவில்லை. சரி, உங்கள் நிம்மதிக்கு என்று எடுத்தார். சூடோமோனாஸ் காணவே இல்லை. ஈ.கோலை இருந்தது, இருபதாயிரம். அதே இஎஸ்பிஎல். மருந்து தரவில்லை. தண்ணீர் அதிகம் குடித்ததில் கலங்கல் தானாகத் தெளிந்தது.

அழுத்தம் அளந்து, மாத்திரை ஆரம்பித்து, சிஐசி பழகினான். முதல் பத்து நாள் நரகம். கசிந்தது, துணி நனைந்தது, ராத்திரி அலாரம் வைத்து எழுந்தான், என்னைப் போட்டுத் திட்டினான். இப்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனே செய்துகொள்கிறான், நான் அறைக்குள்ளேயே போவதில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய சந்தோஷம் என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சொல்ல மாட்டான்.

மூன்று வாரம் முன்பு ஒரு ராத்திரி இடது கால் வெட்டி வெட்டி இழுத்தது. காய்ச்சல் 101. கரிசல் அண்ணன் எழுதியது அப்படியே கண்முன் வந்தது, விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். சீட்டில் எல்லாம் எழுதச் சொன்னேன், பெரிய வளையம் போடச் சொன்னேன். லேப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாம்பிள் எடுத்த கையோடு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், முதல் ஊசியைப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா, நாலாயிரம். பழைய ஈ.கோலை இல்லவே இல்லை. கோ-டிரைமாக்சசோல் எஸ். எங்கள் பாட்டி காலத்து மாத்திரை! ஊசியை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்து மொத்தம் ஏழு நாளில் முடித்தார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டிருந்தது.

லேப் வாசல் | ஞாயிறு, மாலை 4:10

நாலாயிரம். சின்ன வளையத்தில் நாலு புள்ளி. கை கூசுகிறது அக்கா.

கரிசல்காட்டான் | ஞாயிறு, மாலை 6:00

அப்பாவுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கால் துடிப்பு, வியர்வை, கசிவு, சாப்பாடு. தினம் நாலு வரி. அம்மாதான் எழுதுகிறாள். போன மாதம் டியூப் மாற்றும்போது வழக்கம்போலக் கல்ச்சர் எடுக்கட்டுமா என்று கேட்டார்கள். நோட்டைக் காட்டினேன், வேண்டாம் என்றேன். பயமாகத்தான் இருந்தது.

பட்டுக்கோட்டை அக்கா | ஞாயிறு, இரவு 8:35

கடைசியாக ஒரு சந்தேகம். பழைய ரிப்போர்ட் எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

மறுவாழ்வு டாக்டர் | ஞாயிறு, இரவு 9:15

போடாதீர்கள். காய்ச்சலோடு வருபவருக்கு ரிப்போர்ட் வருவதற்கு முன் எந்த ஊசியில் தொடங்குவது என்று நாங்கள் முடிவெடுப்பது முந்தைய கல்ச்சர்களைப் பார்த்துத்தான். தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வையுங்கள். ஒவ்வொன்றிலும் அன்றைக்கு என்ன அறிகுறி, அதற்கு முன் என்ன மருந்து கொடுத்தோம் என்று குறித்துவிடுங்கள்.

லேப் வாசல் | ஞாயிறு, இரவு 9:22

அந்த முதல் ரிப்போர்ட்டையும் வையுங்கள். மேலே பெரிதாக "பேக்கிலிருந்து பிடித்தது" என்று எழுதிவிடுங்கள்.

பட்டுக்கோட்டை அக்கா | ஞாயிறு, இரவு 9:40

எழுதிவிட்டேன். சிவப்புப் பேனாவில்.